பேய்ப்பெயர்த் தொகுதிகள்: நிகண்டு முதல் விளையாட்டுக் கையேடு வரை

1. முன்னுரை

செத்தவர் முற்றிலும் சாவதில்லை என்னும் நம்பிக்கை எல்லா மொழிகளிலும் சொற்களை ஈன்றுள்ளது. அச்சொற்களை ஓரிடத்தில் தொகுத்துவைக்கும் முயற்சியும் பழமையானதே. தமிழில் நிகண்டுகள் அதனைச் செய்தன. பரணி நூல்கள் வேறொரு முறையில் செய்தன. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அலுவலர்களும் சமயப் பணியாளர்களும் செய்தனர். 20ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் இப்பணி எதிர்பாராத ஓரிடத்தில் தொடர்ந்தது. அமெரிக்காவில் தோன்றிய பாத்திரமேற்பு விளையாட்டுகளுக்கென எழுதப்பட்ட பேய்க் கையேடுகளும் அவற்றின் துணைநூல்களுமே அவ்விடம்.

இக்கையேடுகளைச் சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுதல் எளிது. எனினும் சொற்பொருளியல் நோக்கில் இவை அரிய சான்றுகள். ஒரே பொருளைச் சுட்டிய பல சொற்கள் எவ்வாறு வெவ்வேறு பொருளுடையனவாகப் பிரிக்கப்படுகின்றன என்பதை இவற்றில் ஆண்டுக் கணக்கோடு காணமுடிகிறது. நம் நாட்டுச் சொற்களும் இத்தொகுதிகளுள் புகுந்துள்ளமையால் மொழிபெயர்ப்பாளர்க்கும் இதில் பங்குண்டு. இக்கட்டுரை அவ்வரலாற்றைச் சுருக்கமாக வரைந்து, தமிழும் மராத்தியும் அருகருகே வழங்கும் ஐரோலி போன்ற ஓரிடத்தை முன்னிறுத்தி, செத்தோர் பெயர்களை மொழிபெயர்ப்பதில் எழும் சிக்கல்களை ஆராய முற்படுகிறது.

2. விளையாட்டுக் கையேடுகளில் பெயர்களின் படிநிலை

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது. ஒருவர் கதை நடத்த, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டி வெற்றி தோல்வியை முடிவுசெய்வது இவ்விளையாட்டின் அமைப்பு. இதில் சமயகுரு என்னும் பாத்திரம் செத்தும் சாகாதவற்றை விரட்டும் ஆற்றலுடையது. எந்தப் பேயை விரட்ட இரு பகடைகளில் எவ்வளவு விழவேண்டும் என்பதற்கு ஓர் அட்டவணை தரப்பட்டது. அவ்வட்டவணையில் ஸ்கெலிட்டன், சாம்பி, கூல், வைட், ரெய்த், மம்மி, ஸ்பெக்டர், வாம்பயர் என எட்டுப் பெயர்கள் வலிமை ஏறுமுகமாக அடுக்கப்பட்டன.

இவ்வெட்டின் பிறப்பிடங்களை நோக்குதல் வேண்டும். ஸ்கெலிட்டன் கிரேக்கம், சாம்பி ஹெய்ட்டித் தீவின் வழியாக வந்த ஆப்பிரிக்கச் சொல், கூல் அரபு, வைட் பழைய ஆங்கிலம், ரெய்த் ஸ்காட்லாந்து வழக்கு, மம்மி மெழுகைக் குறிக்கும் பாரசீகச் சொல்லடியாக அரபு வழி வந்தது, ஸ்பெக்டர் இலத்தீன், வாம்பயர் சிலாவிய மொழிகளுக்குரியது. இவற்றுள் வைட் என்பதன் பழம்பொருள் 'ஓர் உயிர், ஒரு பொருள்' என்பதே. டோல்கீன் 1954இல் வெளியிட்ட புனைகதையில் புதைமேட்டில் வாழும் வைட் இடம்பெற்ற பின்னரே அச்சொல் செத்தவர் பக்கம் சாய்ந்தது. 1975இல் வெளிவந்த 'கிரேஹாக்' என்னும் துணைநூல் லிச் என்ற மற்றொன்றைச் சேர்த்தது. பழைய ஆங்கிலத்தில் அது வெறும் பிணத்தைக் குறித்த சொல். விளையாட்டிலோ மந்திரத்தால் தன் சாவைத் தள்ளிப்போட்ட அரசனையோ சூனியக்காரனையோ குறிப்பதாயிற்று.

வழக்கில் ரெய்த்துக்கும் ஸ்பெக்டருக்கும் வேறுபாடு கூறுதல் அரிது. விளையாட்டின் தேவை அவ்வேறுபாட்டைப் படைத்தது. வெவ்வேறு வலிமையுடைய எதிரிகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வேண்டும். அகராதியில் ஒருபொருட் பன்மொழியாகக் கிடந்தவை எடுத்து அடுக்கப்பட்டன. 1977இல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' இம்முறையை நிலைபெறச் செய்தது. 1991 முதல் வான் ரிக்டன் என்னும் கற்பனை அறிஞர் எழுதியனவாக அமைந்த வழிகாட்டிகள் வாம்பயர், ஆவி, லிச், பதப்படுத்திய பிணம் என வகைக்கொன்றாக வெளிவந்தன. 1998இல் 'கர்ப்ஸ் அன்டெட்', 2004இல் 'லிப்ரிஸ் மார்ட்டிஸ்', 2009இல் 'ஓப்பன் கிரேவ்' எனச் செத்தும் சாகாதவற்றுக்கே உரிய தனி நூல்கள் தொடர்ந்தன. 2000இல் விளையாட்டின் அடிப்படை விதிகள் பிறரும் எடுத்தாளத்தக்க திறந்த உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டமையும் துணைநூல்கள் பெருகியதற்கு ஒரு காரணமாகும்.

3. நிகண்டும் பரணியும்

தமிழ் நிகண்டுகள் அலகை, கழுது, குணங்கு, கூளி, சோகு, மண்ணை முதலியவற்றைப் பேயின் பெயர்களாகத் தொகுக்கின்றன. அவற்றின் நோக்கம் செய்யுள் செய்வார்க்குச் சொல்வளம் தருவது. ஆகவே சொற்களிடையே உள்ள வேறுபாட்டை அவை தேடவில்லை, ஒற்றுமையையே தேடின. விளையாட்டுக் கையேடு நடக்கும் திசைக்கு இது நேர் எதிரான திசையாகும். திருக்குறள் 565ஆம் பாவில் பேய் என்றும் 850ஆம் பாவில் அலகை என்றும் வருகின்றது. இவ்விரண்டிடையே இனவேறுபாடு எதனையும் உரையாசிரியர்கள் காட்டவில்லை.

எனினும் தமிழில் பேய்களை வகைப்படுத்திய நூலே இல்லை எனக் கூறுதல் பொருந்தாது. 12ஆம் நூற்றாண்டில் சயங்கொண்டார் இயற்றிய கலிங்கத்துப்பரணியில் பேய்களைப் பாடும் பகுதி ஒன்று உண்டு. அதில் நொண்டிப் பேய், கையிழந்த பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய், செவிட்டுப் பேய் என உறுப்புக் குறையால் பேய்கள் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றின் குறைக்கும் குலோத்துங்கன் வென்ற ஒரு போர்க்களம் காரணமாகக் காட்டப்படுகிறது. ஒன்று களத்தில் மூளைச் சேற்றில் வழுக்கி விழுந்து முடமாயிற்று. ஒன்று யானைக் கொம்பாகிய உலக்கை பட்டு வலக்கை பழுதாயிற்று. சக்கரக்கோட்டத்தில் சமைத்த கூழ் தெறித்து ஒன்று கண்ணிழந்தது. சூடான கூழ் நாவைச் சுட்டு ஒன்று ஊமையாயிற்று. பேய்களின் பட்டியலாகத் தோன்றுவது உண்மையில் அரசனின் வெற்றிப் பட்டியல்.

இங்கு நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பரணியின் பேய் செத்து மீண்ட மனிதர் அன்று. செத்தவரைத் தின்னும் தனி இனம். தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணையில் கூறும் பேயும், களத்தில் புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காக்கும் பேயேயன்றி வீரனது ஆவி அன்று. சிலப்பதிகாரத்தின் சதுக்கப்பூதம் தீயோரைப் புடைத்துண்ணும் காவல்தெய்வம். ஆகப் பழந்தமிழ் நூல்களில் பேயும் பூதமும் பெரும்பாலும் சாவின் அருகில் நிற்பன. செத்தவராக இருப்பன குறைவு. செத்தவரே திரும்பி வருதல் என்னும் கருத்து நாட்டார் வழக்கில்தான் ஆழமாக வேரூன்றியுள்ளது.

4. வேதாளம் வாம்பயரான வரலாறு

நம் சொல் ஒன்று ஆங்கிலக் கையேட்டினுள் சென்ற வழியை வேதாளத்தைக் கொண்டு முழுமையாகப் பின்தொடரலாம். பி. ஜி. பாபிங்டன் சென்னை மாகாணத்தில் பணியாற்றிப் பின் மருத்துவரானவர். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை 1822இல் ஆங்கிலத்தில் தந்தவர். அவர் தமிழ் வேதாளக் கதையை மொழிபெயர்த்து 1831இல் இலண்டனில் வெளிவரச் செய்தார். தலைப்பில் அவர் வேதாளம் என்னும் பெயரை மாற்றவில்லை. மேலும், உயிரிடையில் வரும் தகரத்தின் மெல்லொலியையும் தமிழ் வழக்கிற்கேற்ப உரோமன் எழுத்தில் காட்டினார். வடமொழியின் சொல்லைத் தமிழ்வாய் ஒலித்தவாறே அவர் எழுதியது மொழியியலார் கருதத்தக்கது.

இந்தியில் லல்லூ லால் முதலியோர் வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக உருவாக்கிய 'பைதால் பச்சீசீ' 1805இல் அச்சேறியது. அதன் ஆங்கில ஆக்கங்கள் பல. அவற்றுள் ரிச்சர்டு பர்ட்டன் 1870இல் தழுவி எழுதியது பெரும்புகழ் பெற்றது. அவர் வேதாளத்துக்கு வாம்பயர் என்று பெயர் சூட்டினார். தலைகீழாகத் தொங்கும் பிணத்தில் வௌவாலைக் கண்ட அவர் கற்பனைக்கு அச்சொல் இசைந்தது. ஆனால் விக்கிரமனிடம் கதை சொல்லும் வேதாளம் குருதி குடிப்பதில்லை; பிணத்தினுள் புகுந்து பேசும் ஆவி அது. அறிவுக்கூர்மையே அதன் இயல்பு.

பின்வந்தோர் எல்லோரும் பர்ட்டனைப் பின்பற்றவில்லை. கதாசரித்சாகரத்தை 1880 முதல் 1884 வரை ஆங்கிலத்தில் தந்த டானி மூலப்பெயரையே வைத்துக்கொண்டார். ஆர்தர் ரைடர் 1917இல் காப்ளின் என்றார். திராவிட மொழியியலில் பெரும்பணி ஆற்றிய எம். பி. எமனோவும் தம் இளமையில், 1934இல், ஜம்பலதத்தரின் வேதாளக் கதைத் தொகுதியைப் பதிப்பித்து மொழிபெயர்த்தவரே. இத்துணை அறிஞர் உழைப்பு இருந்தும் பொதுமக்களிடம் நிலைத்தது பர்ட்டனின் சொல்லே. 2012இல் 'பாத்ஃபைண்டர்' விளையாட்டுக்கு வெளிவந்த ஒரு துணைநூல் வாம்பயரின் நான்கு கிளைகளுள் ஒன்றாக வேதாளத்தை வைக்கிறது. 1870இல் மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த ஒரு சொல் 142 ஆண்டுகளுக்குப் பின் இனப் பாகுபாடாக மாறிவிட்டது.

எதிர்த்திசையிலும் இச்சொல் பயணம் செய்தது. அமெரிக்கப் படக்கதைத் தலைவனான பேன்டம் என்பவன் சாகாதவன் என நம்பப்படும் முகமூடி மனிதன். சிவகாசியின் முத்து காமிக்ஸ் அவனை வேதாளர் என்றது. இந்தியில் அவன் வேதாள் ஆனான். இங்கும் பொருள் மாறியது. ஆனால் மரியாதை விகுதி பெற்று மாறியது. தமிழ்ச் சிறுவருக்கு வேதாளம் அஞ்சத்தக்கதாக இருந்ததைவிட அறிந்தவொன்றாகவே இருந்தது என்பதற்கு 1947இல் தொடங்கப்பெற்ற அம்புலிமாமா வெளியிட்ட தொடர்கதைகளும், முருங்கைமரம் ஏறும் வேதாளம் பற்றிய பழமொழியும் சான்றாகும்.

5. கொங்கணத்தின் பட்டியல்

ஐரோலி தாணே மாவட்டத்தில், தாணே கழிமுகத்தின் கிழக்குக் கரையில் அமைந்தது. நவி மும்பையின் ஒரு பகுதி. கொங்கணக் கரையின் ஆக்ரி, கோளி மக்களுடைய ஊர்கள் இங்குள்ள புதுநகரினூடே இன்றும் உள்ளன. இக்கொங்கண வட்டாரத்தின் பேய்ப்பெயர்கள் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் விரிவாகத் தொகுக்கப்பட்டன. நாசிக்கில் ஆட்சியராக இருந்து 1909இல் கொல்லப்பட்ட ஏ. எம். டி. ஜாக்சன், ஊர்ப் பள்ளி ஆசிரியர்களிடம் வினாக்கள் அனுப்பி விடைகளைத் திரட்டியிருந்தார். அவற்றை ஆர். இ. என்தோவன் ஒழுங்குபடுத்தினார், கொங்கணத்துக்குரிய தொகுதி 1915இல் வெளிவந்தது. 1924இல் என்தோவன் எழுதிய பம்பாய் நாட்டார் வழக்காற்று நூலும் இதனை எடுத்தாண்டது.

அதில் வேதாள், சமந்த், முஞ்ஜா, கவீஸ், ஜகீண், லாவ்சட், ஹடள் முதலிய பெயர்கள் விளக்கத்துடன் அடுக்கப்பட்டுள்ளன. வடிவில் இது விளையாட்டுக் கையேட்டை ஒத்திருப்பது வியப்பளிக்கும். ஆனால் பிரிவினையின் அடிப்படை வேறு. முஞ்ஜா என்பது பூணூல் சடங்கு முடிந்து அதன் நிறைவுச் சடங்கு நிகழுமுன் இறந்த அந்தணச் சிறுவனின் ஆவி, அரசமரத்தில் உறைவது. ஹடள் பேற்றின்போதோ பேற்றை அடுத்த நாள்களிலோ இறந்தவள். லாவ்சட் கைம்பெண்ணின் ஆவி. சமந்த் ஆசை தீராது இறந்து, தன் பொருளைப் பிறர் துய்க்க விடாதது. கவீஸ் என்னும் பெயர் தீயது எனப் பொருள்படும் அரபுச் சொல். வேற்றினத்தார் ஆவிக்கு வழங்கியது. ஒவ்வொரு பெயரும் இன்னார், இந்நிலையில், முடிவுறாத இக்கடமையோடு இறந்தார் என்று கூறுகிறது. வலிமைப் படிநிலை இதிலில்லை. வாழ்க்கை முறிந்த இடமே பெயராகிறது.

வேதாள் இவற்றுக்குத் தலைவன். அதே நேரத்தில் ஊர்க்காவல் தெய்வம். சிந்துதுர்க் மாவட்டத்து ஆராவலியில் வேதோபாவுக்குப் பெரிய தோல் செருப்புகளைக் காணிக்கையாக்குவர். அவர் இரவில் ஊரைச் சுற்றிக் காவல்புரிவதால் அவை தேய்கின்றன என்பது நம்பிக்கை. வாம்பயர் எனும் பெட்டிக்குள் இத்தெய்வத்தை அடைத்தல் இயலாது.

6. இரு மொழிகள் சந்திக்குமிடம்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வேரூன்றிய தமிழர் காலப்போக்கில் நவி மும்பைப் பகுதிகளுக்கும் பரவினர். தாராவித் தமிழருள் திருநெல்வேலிப் பகுதியினர் பலர். அவர்களது நாட்டில் இசக்கி, சுடலைமாடன் வழிபாடு மிகுதி. எனவே ஐரோலி போன்ற ஊரில் இரண்டு பேய்ப்பெயர்த் தொகுதிகள் அருகருகே வாழ்கின்றன. ஒப்பிட்டு நோக்கின் மூன்று செய்திகள் புலனாகின்றன.

முதலாவது, இசக்கியும் ஜகீணும் ஒரே வேரின. வடமொழி யட்சி தமிழில் இயக்கியாகி, இசக்கியாயிற்று. யட்சிணி மராத்தியில் யகரம் ஜகரமாகத் திரிந்து ஜகீண் ஆயிற்று. சிலப்பதிகார அடைக்கலக் காதையில் இயக்கி பால்மடை பெறும் தெய்வம். சமண மரபில் யட்சி தீர்த்தங்கரரின் காவல் தெய்வம். பிற்கால நாட்டார் வழக்கில் இரு மொழிகளிலும் இச்சொல் இறந்த பெண்ணின் ஆவி எனும் பொருளைப் பெற்றது. நெல்லை, குமரிக் கதைப்பாடல்களில் வஞ்சிக்கப்பட்டு மாண்ட பெண் இசக்கியாக எழுகிறாள். தொலைவிலுள்ள இரு நிலங்களில் ஒரு சொல் ஒரே திசையில் பொருள் பெயர்ந்திருப்பது தனித்து ஆராய்தற்குரியது.

இரண்டாவது, பூதம் என்னும் சொல். மராத்தியில் பூத் என்றால் செத்தவரின் ஆவி. தமிழில் பூதம் பேருருவமுடைய ஏவலாள். அலாவுதீன் விளக்கிலிருந்து எழும் ஜின்னையும் தமிழர் பூதம் என்றே மொழிபெயர்த்தனர். ஒலி ஒத்தலை நம்பி மராத்திப் பூத்தைத் தமிழில் பூதமாக்குவது பிழையாக முடியும்.

மூன்றாவது, பிரேதம். வடமொழியில் பிதிரருலகு சேராத ஆவியைச் சுட்டிய இச்சொல் தமிழிலும் மராத்தியிலும் பிணத்தையே குறிக்கிறது. பிரேதப் பரிசோதனை என்னும் தொடரில் ஆவிக்கு இடமில்லை. ஆவி உடலாகவும், தெய்வம் ஆவியாகவும் பெயர்ந்த இம்மாற்றங்கள் செத்தோர் சொற்கள் எத்துணை விரைவில் இடம் மாறுவன என்பதைக் காட்டும்.

7. மொழிபெயர்ப்பில் நேர்ந்தவையும் நேரக்கூடியவையும்

பெயரிடுதலின் விளைவைக் கால்டுவெல்லின் எழுத்துகள் உணர்த்துகின்றன. திராவிட ஒப்பிலக்கணத்தை 1856இல் தந்த அவர், 1849இல் திருநெல்வேலிச் சாணார் பற்றி எழுதிய நூலில் அம்மக்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்று பெயரிட்டார். வழிபடப்பெறுவோருள் பலர் கொடுஞ்சாவு எய்திய மனிதர் என்பதை அவரே பதிவுசெய்தார். போரில் மாண்ட ஆங்கில அதிகாரி ஒருவருக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கப்பட்டதையும் குறித்தார். அவ்வாறிருந்தும் அவர் கையாண்ட ஆங்கிலச் சொல் கிறித்தவ மறையின் சாத்தானைக் குறிக்கும் சொல்லே. கொலையுண்ட உறவினர் ஒரு சொல்லால் இறைவனின் பகைவராயினர். அந்நூல் பின்னாளில் அம்மக்களின் கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று.

தமிழ் விவிலியத்திலும் இச்சிக்கல் உண்டு. கிரேக்கம் இரு சொற்களால் பிரித்துக் கூறும் சாத்தானையும் சிறு தீய ஆவிகளையும் பழைய மொழிபெயர்ப்பு பெரும்பாலும் பிசாசு என்னும் ஒரே சொல்லால் தந்தது. கடல்மேல் நடந்தவரைக் கண்டு சீடர் அஞ்சிக் கூறிய சொல்லை ஆவேசம் என்று பெயர்த்தது. இன்றைய தமிழில் ஆவேசம் சினத்தின் மிகுதியாகிவிட்டமையால் அவ்விடம் இளைய வாசகர்க்கு விளங்குவதில்லை.

விளையாட்டுக் கையேடுகளையும் அவற்றைச் சார்ந்த புனைகதை, திரைப்படம் முதலியவற்றையும் தமிழாக்குவோர் முதலில் எதிர்கொள்வது 'அன்டெட்' என்னும் பொதுப்பெயர். பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட டிராகுலா நாவலால் இச்சொல் இன்றைய பொருளில் பரவியது. இதனை இறவாதவர் என்றோ சாவாதவர் என்றோ பெயர்த்தால் அமரர் எனப் பொருள்பட்டுவிடும். பழைய ஆங்கிலத்திலும் இதன் இணைச்சொல் அழிவற்றது என்னும் பொருளையே தந்தது என்பது குறிக்கத்தக்கது. தமிழ் மரபில் இவற்றுக்குப் பொதுப்பெயர் இல்லை. உடலோடு திரும்பி வருவது, உடலின்றித் திரும்பி வருவது என்ற பிரிவே இயல்பானது. முன்னதை மீள்பிணம் என்றும் பின்னதை ஆவி என்றும் வழங்கின் பொருள் தெளிவாகும்.

சாம்பிக்கு நடைப்பிணம் எனும் சொல் உண்டு. ஆயினும் வழக்கில் அது உயிரோடிருந்தும் உயிர்ப்பற்றவரைக் குறிப்பது. 2016இல் வந்த மிருதன் என்னும் திரைப்படப் பெயர் செத்ததைச் சுட்டும் வடசொல்லையும் மிருகம், மனிதன் என்னும் இரு சொற்களின் ஒலியையும் ஒருங்கே நினைவூட்டி இவ்விடர்ப்பாட்டைக் கடந்தது. கூலுக்குக் கூளி பொருந்தும். அரபுச் சொல்லோடு அதற்கு உறவில்லை. ஒலி ஒப்புமை தற்செயலே. எனினும் இரண்டும் பிணந்தின்பன. ஸ்பெக்டருக்கு உருவெளித்தோற்றம் என்று எழுதுதல் தகாது. அஃது அகத்துறையில் காதலியின் உரு எதிரே தோன்றுவதைக் குறிக்கும் சொல்.

வாம்பயருக்கு இரத்தக் காட்டேரி என்பது பெருவழக்கு. இங்கேதான் பெருஞ்சிக்கல் எழுகிறது. காட்டேரி தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும், கடல் கடந்த கயானாவிலும் இன்றும் வழிபடப்பெறும் தெய்வம். இசக்கியும் மாடனும் அத்தகையோரே. ஒரு கையேட்டில் இப்பெயர்களுக்கு வலிமை எண்ணிட்டு, பகடை உருட்டி வெட்டி வீழ்த்தும் எதிரிகளாக வைத்தால், கால்டுவெல் தம் சொல்லால் செய்ததை நாம் எண்ணால் செய்தவராவோம். இராக்கதன் என்னும் பெயருக்கு நேர்ந்ததும் நினைக்கத்தக்கது. 1977ஆம் ஆண்டுக் கையேட்டில் அவனுக்குப் புலித்தலை வரையப்பட்டது. கம்பனையோ வான்மீகியையோ அறியாத அவ்வோவியமே உலகெங்கும் விளையாடுவோர்க்கு அச்சொல்லின் பொருளாயிற்று.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பேய்ப்பெயர்த் தொகுதிகள் மூவகைப்படும் எனலாம். நிகண்டு பல பெயர்களை ஒரு பொருளில் ஒடுக்குகிறது. விளையாட்டுக் கையேடு ஒரு பொருளின் பல பெயர்களை வலிமைப் படிகளாக்குகிறது. கொங்கணம், நெல்லை ஆகியவற்றின் நாட்டார் வழக்கு ஒவ்வொரு பெயரையும் ஒரு சாவின் காரணத்தோடு பிணைக்கிறது. முதலிரண்டினிடையே சொற்களை மாற்றிக்கொள்வதில் இழப்பில்லை. அலகை, கழுது, குணங்கு, சோகு ஆகியவை இன்று எவராலும் வழிபடப்பெறாதவை; வீட்டில் இறந்த எவரையும் நினைவூட்டாதவை. படிநிலை வேண்டுவோர் அவற்றைத் தாராளமாக எடுத்து அடுக்கலாம். நிகண்டுகளில் உறங்கும் சொற்கள் அதனால் மறுவாழ்வும் பெறும்.

மூன்றாம் வகையின் பெயர்களை அவ்வாறு எடுத்தாளுதல் கூடாது. இசக்கி, ஜகீண், முஞ்ஜா, ஹடள் ஆகியவை பேறுகாலத்தில் மாண்டவள், வஞ்சிக்கப்பட்டவள், சடங்கு நிறையாத சிறுவன் எனத் தனி மனிதரின் துயரை ஏந்தியவை. அவற்றை மொழிபெயர்க்க நேரின் பெயரை அவ்வாறே வைத்து, இன்னார் இவ்வாறு இறந்தார் என்னும் விளக்கத்தையும் உடன் தருதலே முறை. 1831இல் பாபிங்டன் பெயரை மாற்றாது விட்டார்; 1870இல் பர்ட்டன் மாற்றினார். அவ்விருவரிடையே மொழிபெயர்ப்பாளர் எவர் பக்கம் நிற்பது என்பது சொல் பற்றிய வினா மட்டுமன்று. இறந்தவர்க்கு நாம் செலுத்தும் கடனைப் பற்றியதுமாகும்.